பி.எஸ்சி. வேதியியல் முடித்தாயிற்று: சிப்காட் லேப் வேலையா, டேட்டா சயின்ஸா, குரூப் 4-ஆ?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "2025-ல் பி.எஸ்சி. வேதியியல் முடித்தேன், 71 சதவீதம். பள்ளி, கல்லூரி இரண்டும் தமிழ்வழி. சிப்காட்டில் ஒரு ரசாயன கம்பெனியில் லேப் உதவியாளராக, கான்ட்ராக்டில் 13,500 ரூபாய்க்கு வரச் சொல்கிறார்கள். புதுச்சேரியில் ஒரு பயிற்சி மையம் 85,000 ரூபாய்க்கு டேட்டா சயின்ஸ் சொல்லித் தருகிறது, வேலைக்கு உத்தரவாதம் என்கிறது. அப்பாவுக்கு நான் குரூப் 4 எழுத வேண்டும் என்று ஆசை. வேதியியலுக்கு எதிர்காலமே இல்லை, ஏஐ எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்கிறார்கள் தோழிகள். வீட்டில் ஷிப்ட் வேலைக்கு அனுப்பவும் தயங்குகிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?"

மூன்றில் லேப் வேலைதான் உங்களுக்குச் சரியான தொடக்கம் என்பது என் கருத்து. ஆனால் அது உண்மையிலேயே லேப் வேலையாக இருக்க வேண்டும். அந்த நிபந்தனையைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன் மற்ற இரண்டையும் பார்த்துவிடலாம்.

85,000 ரூபாய் கோர்ஸ் வேண்டாம். டேட்டா சயின்ஸ் நல்ல துறைதான், ஆனால் அதில் புதிதாக நுழைபவர்களுக்கு இப்போது கதவு குறுகலாகியிருக்கிறது. சின்னச் சின்ன நிரல் எழுதுவது, எழுதிய மென்பொருளைச் சோதிப்பது, எண்களைத் தொகுத்து ரிப்போர்ட் போடுவது, இவைதான் ஐ.டி. கம்பெனிகள் புதியவர்களிடம் முதலில் கொடுத்துப் பழக்கிய வேலைகள். ஏஐ கருவிகள் முதலில் கைவைத்ததும் இவற்றில்தான். டி.சி.எஸ். 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரை, அதாவது தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 சதவீதம் பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அனுபவம் உள்ளவர்களும் கணினிப் பட்டம் பெற்றவர்களும் அதே வேலைக்கு வரிசையில் நிற்கிறார்கள். ஆறு மாதச் சான்றிதழோடு நீங்கள் அவர்களோடு போட்டியிட வேண்டியிருக்கும்.

'வேலை உத்தரவாதம்' என்பதை எழுத்தில் கேட்டுப் பாருங்கள். எந்த வேலை, எந்த ஊர், என்ன சம்பளம், கிடைக்காவிட்டால் எத்தனை நாளில் பணம் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா? பெரும்பாலும் 'வேலைவாய்ப்புக்கு உதவி' என்றுதான் இருக்கும். தவணையில் கட்டலாம் என்று அவர்கள் சொன்னால், அது பல நேரங்களில் உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தரும் கடன். பாதியில் நின்றாலும் தவணை நிற்காது, கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் கெடும். பிறகு வங்கியில் கல்விக் கடனுக்குப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். பைத்தானும் புள்ளியியலும் கற்றுக்கொள்ள ஆசையா? தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் பாடங்கள் இலவசம், தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணம், அதுவும் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய் அளவில். லேப் வேலையில் இருந்துகொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கலாம்.

அப்பா சொல்லும் குரூப் 4-ஐத் தள்ளிவிட மாட்டேன். நிரந்தர வேலை வேண்டும் என்ற ஆசை நியாயமானது. எண்களை மட்டும் அவரோடு உட்கார்ந்து பாருங்கள். 2024-ல் முதல் அறிவிப்பில் 6,244 இடங்கள், விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். 2025-ல் 3,935 இடங்களுக்கு 13 லட்சத்துக்கும் மேல். பிறகு இடங்களைக் கூட்டினார்கள், ஆனாலும் போட்டியின் அளவு மாறவில்லை. அதனால் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து மூன்று நான்கு ஆண்டுகள் படிப்பதை நான் ஏற்க மாட்டேன். வேலையோடு எழுதுங்கள், இத்தனை முறைதான் என்று இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழி என்றால் நீங்கள் அதற்குள் வருவீர்கள். படித்த பள்ளிகளில் அந்தச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள், அறிவிப்பு வந்த பிறகு அலைவது வேதனை. 300 மதிப்பெண்ணில் 150 தமிழுக்கு, அதில் 60 எடுத்தால்தான் மீதி விடைகளைத் திருத்துவார்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சி நடக்கிறது. தனியார் மையத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் அங்கே ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இனி லேப் வேலை.

வேதியியலுக்கு எதிர்காலம் இல்லை என்று கடலூரில் இருந்துகொண்டு சொல்வது எனக்கு வியப்பாக இருக்கிறது. உங்கள் வீட்டுக்குத் தெற்கே சிதம்பரம் சாலையில் வரிசையாக நிற்பவை பெரும்பாலும் ரசாயனம், மருந்து மூலப்பொருள், சாயம் செய்யும் ஆலைகள். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை. நெய்வேலியில் அனல்மின் நிலையங்கள், அங்கே கொதிகலனுக்குள் போகும் தண்ணீரைக்கூட வேதியியல் படித்தவர் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். புதுச்சேரிப் பக்கம் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகள். குடிநீர், உணவு, இறால், கழிவுநீர் என்று எதைச் சோதிப்பதென்றாலும் ஒரு கெமிஸ்ட் வேண்டும். உங்கள் பட்டத்துக்கு வேலை பஸ் போகும் தூரத்தில் இருக்கிறது. பட்டத்தோடு கூட அவர்கள் எதிர்பார்க்கும் கைப்பழக்கம்தான் கல்லூரியிலிருந்து வருபவர்களிடம் குறைகிறது.

அதனால் அந்தக் கம்பெனியிடம் முதலில் கேட்க வேண்டியது சம்பளத்தைப் பற்றி அல்ல. 'லேப் உதவியாளர்' என்ற பெயரில் மூன்று விதமான வேலை உண்டு: கண்ணாடிக் குடுவை கழுவி அடுக்குவது, ஆலைக்குள் போய் சாம்பிள் எடுத்து வருவது, சோதனை செய்து முடிவை எழுதுவது. முதல் இரண்டும் இழிவான வேலைகள் அல்ல, அவற்றில் தொடங்கி மேலே வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு வருடம் அதிலேயே வைத்திருந்தால் வெளியே வரும்போது உங்கள் கையில் எதுவும் இருக்காது. எத்தனை மாதத்தில் டைட்ரேஷன் (செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவை அறியும் சோதனை) செய்ய விடுவீர்கள், புற ஊதா ஒளியால் அளக்கும் யு.வி. கருவி எப்போது, எச்.பி.எல்.சி., ஜி.சி. கருவிகளில் எப்போது உட்கார விடுவீர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். எச்.பி.எல்.சி. என்பது ஒரு கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று காட்டும் கருவி; ஜி.சி. அதையே பொருளை ஆவியாக்கிச் செய்யும். மருந்து ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு பெரும்பாலும் அதை வைத்தே ஓடுகிறது. அந்தக் கருவியைத் தனியாக இயக்கி இரண்டு ஆண்டு அனுபவம் இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிந்தால், சென்னை, ஓசூர், ஹைதராபாத் எங்கும் உங்களைக் கூப்பிட ஆள் இருப்பார்கள்.

இன்டர்வியூவில் பெரிய பெரிய கேள்விகள் வரும் என்று பயப்பட வேண்டாம். அடிப்படையைத்தான் தோண்டுவார்கள். '0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு லிட்டர் எப்படித் தயாரிப்பாய்?' என்று கேட்பார்கள். 4 கிராம் என்று எல்லோரும் சொல்வார்கள். 'துல்லியமாக 4 கிராம் எடுத்துவிட்டால் போதாதா, ஏன் மறுபடி ஸ்டாண்டர்டைஸ் செய்கிறோம்?' என்பது அடுத்த கேள்வி, பலர் அங்கே நின்றுவிடுகிறார்கள். சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும், அதனால் எடை பார்த்த 4 கிராமும் சோடியம் ஹைட்ராக்சைடாகவே இருக்காது. அதனால்தான் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் போன்ற நம்பகமான பொருளோடு டைட்ரேட் செய்து உண்மையான செறிவைக் கண்டுபிடிக்கிறோம். இதெல்லாம் நீங்கள் கல்லூரியில் செய்த பரிசோதனைதான். பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு படிக்கும் 'ஏன்' என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு கேள்வி கட்டாயம் வரும்: 'முடிவு வரம்புக்கு வெளியே வந்தால் என்ன செய்வாய்?' திரும்பச் செய்து பார்ப்பேன் என்று சொல்லிவிடாதீர்கள். அப்படியே பதிவு செய்து, உடனே மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும். அதன் பிறகு விசாரணை முறைப்படிதான் அடுத்த அடி. சரியான எண் வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டி, வந்ததை மட்டும் எழுதுவது மருந்துத் துறையில் பெரிய குற்றம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் இங்கே ஆய்வுக்கு வரும்போது துருவிப் பார்ப்பதும் இதைத்தான். லாக்புக்கில் தப்பு எழுதினால் வெள்ளை மை பூசக்கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். யார் செய்தார், எப்போது செய்தார் என்பது எத்தனை ஆண்டு கழித்தும் தெரிய வேண்டும். இந்தப் பழக்கம் உள்ள ஆளை எந்த லேபும் விடாது.

ஏஐ பற்றிய பயத்துக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. ரிப்போர்ட் எழுதுவது, போக்குகளைக் கண்டுபிடிப்பது, ஆவணம் தயாரிப்பது போன்றவற்றில் லேபிலும் ஏஐ வரும், வந்துகொண்டும் இருக்கிறது. சாம்பிளை ஒழுங்காக எடுப்பது, கரைசலைத் தயாரிப்பது, கருவி சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பது, முடிவுக்குக் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்பது இவற்றுக்கு ஆள் வேண்டும். எக்செல் நன்றாகத் தெரிந்த, கொஞ்சம் பைத்தானும் தெரிந்த கெமிஸ்ட் நாளைக்கு மற்றவர்களைவிட மேலே இருப்பார். டேட்டா சயின்ஸ் ஆசையை இந்தப் பக்கமாகத் திருப்பிக்கொள்ளலாமே!

சரி, 13,500-க்கு வருவோம். அந்த முழுத் தொகைக்கும் பி.எஃப். பிடித்தால் 12 சதவீதம், 1,620 ரூபாய். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், நூறு ரூபாய்க்குச் சற்று மேல். கையில் வருவது 11,800-க்குச் சற்றுக் குறைவு. இந்தப் பிடித்தம் நல்லதுதான், கம்பெனியும் தன் பங்கைக் கட்டுகிறது, இ.எஸ்.ஐ. மூலம் மருத்துவமும் கிடைக்கும். பிடிக்காமல் முழுப் பணத்தையும் கையில் தருகிறோம் என்று கான்ட்ராக்டர் சொன்னால் அந்த இடத்துக்குப் போகாதீர்கள். பிடித்தும் கட்டாமல் விடுபவர்கள் உண்டு. உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்கி, இரண்டாம் மாதமே உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். பின்னால் அனுபவத்துக்குச் சான்றாக நிற்பதும் அந்தப் பதிவுதான். பணி நியமனக் கடிதம் எழுத்தில் வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. கடிதத்தில் பதவியின் பெயரும் பிரிவும் தெளிவாக இருக்கட்டும்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், பலர் தவறவிடுவது இது. மத்திய அரசின் என்.ஏ.டி.எஸ். திட்டத்தில் பட்டதாரிகளுக்கு ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சி உண்டு. 2019-ல் திருத்திய விதிகள் குறைந்தபட்ச உதவித்தொகையை மாதம் 9,000 என்று வைத்தன. நெய்வேலி என்.எல்.சி.யின் அப்ரண்டிஸ் அறிவிப்புகளில் பொறியியல் அல்லாத பட்டங்களும் இடம்பெறுகின்றன. ஆனால் ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் உள்ளவர்களை இதற்கு எடுப்பதில்லை, படிப்பை முடித்துச் சில ஆண்டுகள் தாண்டினாலும் முடியாது. அதனால் இந்த வாரமே அந்தத் தளத்தில் பதிவு செய்யுங்கள். பெரிய நிறுவனத்தில் லேப் பிரிவிலேயே அப்ரண்டிஸ் இடம் கிடைத்தால், சம்பளம் குறைவு என்றாலும் அதை எடுக்கச் சொல்வேன். பயிற்சி முடிந்ததும் வேலை தருவார்கள் என்ற நம்பிக்கையில் மட்டும் போகாதீர்கள், அதற்கு அவர்களுக்குக் கடமை இல்லை. சான்றிதழும் அனுபவமும்தான் லாபம்.

எம்.எஸ்சி. பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தரக்கட்டுப்பாட்டுக்கும் உற்பத்திப் பிரிவுக்கும் பி.எஸ்சி. போதும். ஆராய்ச்சிப் பிரிவுக்கு எம்.எஸ்சி. வேண்டும். இரண்டு ஆண்டு சம்பாதித்த பிறகு காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு க்யூட் என்ற முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதலாம், அண்ணாமலை பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே இருக்கிறது. பிளாஸ்டிக் துறையில் நாட்டம் இருந்தால் சிப்பெட் நிறுவனத்தில் அறிவியல் பட்டதாரிகளுக்கு இரண்டாண்டு முதுநிலை டிப்ளமோ உண்டு.

கடைசியாக வீட்டாரின் தயக்கம். ஷிப்டைப் பற்றி மட்டும் அவர்கள் கவலைப்படவில்லை என்று நினைக்கிறேன். 2021 மே மாதம் இதே சிப்காட்டில் ஓர் ஆலையில் நடந்த விபத்தில் நான்கு பேர் இறந்ததைக் கடலூர்க்காரர்கள் மறக்கவில்லை. அந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லேபைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூட் ஓடுகிறதா, கண் கழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா, ரசாயனங்களின் பாதுகாப்புக் குறிப்புகள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றனவா, முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் எல்லோரும் வேலை செய்கிறார்களா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். காட்ட மறுத்தால் வேறு கம்பெனி பாருங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் இரவு ஷிப்டில் போட முடியாது, போட்டால் போக்குவரத்தும் பாதுகாப்பும் நிர்வாகத்தின் பொறுப்பு. தொடக்கத்தில் ஜெனரல் ஷிப்ட் கேளுங்கள். கம்பெனி பஸ் முதுநகரில் எங்கே நிற்கும், திரும்ப எத்தனை மணிக்கு வரும் என்று விசாரியுங்கள். அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் பெண்கள் யாராவது இருந்தால் அம்மாவை அவர்களோடு பேச வையுங்கள்.