சளி பிடித்த குழந்தையின் உடம்பில் திடீரென்று செம்புள்ளிகள் வந்தால் என்ன செய்வது?

ஒன்றரை வயதுக் குழந்தைக்குச் சளியும் காய்ச்சலும் இருந்தன, இன்று நெஞ்சு முதுகெல்லாம் செம்புள்ளி, இது அம்மையா அலர்ஜியா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இரண்டும் இல்லை. சளியைக் கொண்டுவந்த அதே வைரஸ்தான் தோலிலும் இப்படித் தெரியும். சில நாளில் தானாக மறைந்துவிடும்.

என் மகளுக்கு வந்தபோது மருத்துவர் முதலில் புள்ளியைப் பார்க்கவே இல்லை. "காய்ச்சல் விட்ட பிறகு வந்ததா, காய்ச்சல் இருக்கும்போதே வந்ததா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் பாதி விடை இருக்கிறது. மூன்று நான்கு நாள் கடும் காய்ச்சல் அடித்து, அது இறங்கிய கையோடு உடம்பில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் பரவினால் ரோசியோலா என்ற வைரஸ் காய்ச்சலாக இருக்கலாம். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை உள்ள குழந்தைகளுக்குத்தான் இது அதிகம். புள்ளியைப் பார்த்து நாம் பதறும் நேரத்தில் குழந்தை தேறத் தொடங்கியிருக்கும்.

தட்டம்மை இதற்கு நேர்மாறு. இருமல், மூக்கொழுகல், சிவந்த கண்கள் என்று தொடங்கும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதே காதுக்குப் பின்னாலும் முகத்திலும் தடிப்பு தோன்றி, அங்கிருந்து கீழே இறங்கும். தடுப்பூசி போட்டுவிட்டீர்களா என்பதை இப்போதே அட்டையை எடுத்துப் பாருங்கள்.

சில தடிப்புகள் ஒரு இடத்தில் மறைந்து சில மணி நேரத்தில் வேறு இடத்தில் எழும்பும், அரிக்கும். உடனே சாப்பாட்டின் மீது பழி போட வேண்டாம், சிறு குழந்தைகளுக்கு வைரஸாலும் இப்படி வரும். போனில் படம் எடுத்து வையுங்கள், மருத்துவரிடம் போவதற்குள் மறைந்துவிடும். ஆன்டிபயாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தால் மருந்து பாட்டிலையும் கொண்டுபோங்கள். அடுத்த வேளை கொடுப்பதற்கு முன்னால் கேட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று, ஒரு கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டைப் புள்ளிகள் மேல் அழுத்திப் பாருங்கள். சாதாரண வைரஸ் தடிப்பு கண்ணாடிக்கு அடியில் வெளிறிப்போகும், எடுத்ததும் மெல்லத் திரும்பும். அழுத்தியும் அப்படியே சிவப்பாகவோ ஊதாவாகவோ நின்றால் தோலுக்கடியில் ரத்தம் கசிந்திருக்கிறது. காய்ச்சலோடு அப்படி இருந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். கருமையான தோலில் புள்ளி சரியாகத் தெரியாது. உள்ளங்கை, பாதம், வாய்க்குள், கீழ் இமையின் உட்புறம் பாருங்கள்.

டம்ளர் சோதனையில் வெளிறிவிட்டது என்பதற்காக மட்டும் நிம்மதியாகிவிடாதீர்கள். குழந்தை துவண்டு கிடந்தாலோ, எழுப்பினாலும் சரியாக விழிக்காவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, உதடு முகம் வீங்கினாலோ, சிறுநீர் வெகுநேரம் போகாவிட்டாலோ உடனே காட்டுங்கள். காய்ச்சல் ஐந்து நாளாகியும் விடவில்லை, கண்ணும் உதடும் சிவந்திருக்கின்றன என்றாலும் தள்ளிப்போடக் கூடாது. மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சலே போதும், புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

தட்டம்மை என்று சந்தேகம் இருந்தால், போவதற்கு முன்னால் மருத்துவமனைக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். அது காற்றிலேயே பரவும். காத்திருக்கும் இடத்தில் தடுப்பூசி வயது வராத கைக்குழந்தைகள் இருப்பார்கள். உங்களைத் தனியாக உட்காரவைக்க அவர்கள் ஏற்பாடு செய்வார்கள்.