லக் போன பிறகு: ஃபிராங்க் ரைக்கும் ஆண்டுக்கொரு குவாட்டர்பேக்கும் – கேள்வி பதில்

என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கில் ஆடும் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்கு 2018 முதல் 2022 நவம்பர் வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் ஃபிராங்க் ரைக். ஐந்து பருவங்கள், ஒவ்வொரு பருவத்தின் முதல் ஆட்டத்திலும் வேறு வேறு குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர். குவாட்டர்பேக் பெய்டன் மானிங் காலத்திலிருந்து இந்த அணியைப் பின்தொடர்பவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்திருக்கின்றன. அமெரிக்கக் கால்பந்தே புதிது என்பவரின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

கேள்வி: பதினொரு பேர் ஆடும் ஆட்டத்தில் ஒருவர் மாறினால் என்ன குடி முழுகிவிடும்? கிரிக்கெட்டில் தொடக்க ஆட்டக்காரர்கள் மாறிக்கொண்டேதானே இருக்கிறார்கள்?

பதில்: தொடக்க ஆட்டக்காரர் ஆட்டமிழந்தால் அடுத்தவர் தன் பாணியில் ஆடலாம். குவாட்டர்பேக்கின் கதை வேறு. தாக்குதல் அணியின் ஏறக்குறைய ஒவ்வொரு நகர்விலும் பந்து அவர் கைக்கு வருகிறது. எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, தன்னைக் காக்கும் ஐவருக்கு யார் யாரைத் தடுக்க வேண்டும் என்று சொல்வதில் அவருக்குப் பங்கு உண்டு. பந்தைப் பிடிப்பவர் திரும்புவதற்கு முன்பே, அவர் திரும்பப் போகும் இடத்துக்குப் பந்தை எறிந்துவிட வேண்டும். இதெல்லாம் மாதக்கணக்கில் ஒரே ஆட்களோடு பழகி வருவது.

வாரப் பயிற்சியில் முதல் அணியோடு பழகும் வாய்ப்பு பெரும்பாலும் தொடக்கக்காரருக்கே போகிறது. மாற்று ஆட்டக்காரர் ஓரமாக நின்று பார்த்துக் கற்றுக்கொள்கிறார். திடீரென்று அவரை இறக்கினால் மற்ற பத்துப் பேரும் சேர்ந்து தடுமாறுகிறார்கள்.

கேள்வி: ரைக் பொறுப்பேற்றபோது குவாட்டர்பேக்காக ஆண்ட்ரூ லக் இருந்தாரே? பிரச்சினை எங்கே ஆரம்பித்தது?

பதில்: அந்த வேலையே ரைக்குக்கு இரண்டாம் கையாகத்தான் கிடைத்தது. 2018 பிப்ரவரியில் ஜாஷ் மெக்டானியல்ஸ் வருவதாக அணி அறிவித்துவிட்டது. அன்றே அவர் பின்வாங்கினார். பிறகுதான் ரைக். சில நாள்களுக்கு முன்புதான் அவர் பிலடெல்பியா ஈகிள்ஸின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றிருந்தார், அதுவும் மாற்றுக் குவாட்டர்பேக் நிக் ஃபோல்ஸை வைத்து.

லக் தோள் காயத்தால் 2017 முழுவதும் ஆடவில்லை. 2018-இல் திரும்பி வந்தார். முதல் ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றி. பிறகு அணி நிமிர்ந்து 10-6 (பத்து வெற்றி, ஆறு தோல்வி) என்று முடித்து, பிளே ஆஃபில் ஹூஸ்டனை அதன் சொந்த மைதானத்தில் 21-7 என்று வென்றது. லக் எறிந்த டச் டவுன்கள் (பந்து எதிரணியின் எல்லைக்குள் சேர்ந்து புள்ளி கிடைக்கும் எறிதல்கள்) 39. அதைவிட முக்கியம், பதினாறு ஆட்டங்களில் அவர் பந்தோடு வீழ்த்தப்பட்டது 18 முறைதான். முந்தைய ஆண்டுகளில் அவர் உடம்பு சிதைந்ததே அடி வாங்கி வாங்கித்தான். அந்த 2018 டிராஃப்டில் (அணிகள் வரிசைப்படி புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எடுத்த குவென்டன் நெல்சனும் பிரேடன் ஸ்மித்தும் அவருக்கு முன்னால் சுவர் போல நின்றார்கள்.

பிறகு 2019 ஆகஸ்ட் 24. பருவம் தொடங்க இரண்டு வாரம் இருந்தது. சிகாகோ பேர்ஸுடன் பயிற்சி ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே லக் ஓய்வு பெறுகிறார் என்ற செய்தி கசிந்தது. மைதானத்தை விட்டுப் போகும்போது சொந்த ஊர் ரசிகர்களே கூச்சலிட்டார்கள். அவருக்கு வயது 29. காயம், சிகிச்சை, மறுபடி காயம் என்ற சுழலில் ஆட்டத்தின் மீதான மகிழ்ச்சியே போய்விட்டது என்று அன்றிரவு சொன்னார். அந்தக் கூச்சலை நினைத்தால் இந்த அணியின் ரசிகனாக இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கேள்வி: லக்குக்குப் பதிலாக இறங்கிய ஜகோபி பிரிசெட்டை வைத்தே ஓட்டியிருக்கலாமே? நல்ல ஆட்டக்காரர்தானே?

பதில்: நல்லவர், நிதானமானவர், அணியில் எல்லோருக்கும் பிடித்தவர். 2019-இன் முற்பாதியில் அணி நன்றாகவே ஆடியது. பிட்ஸ்பர்க் ஆட்டத்தில் அவருக்கு முழங்கால் காயம். அடுத்த வாரம் பிரையன் ஹோயர் இறங்கி, அப்போது ஒரே ஒரு வெற்றி பெற்றிருந்த மயாமியிடம் 16-12 என்று தோற்றது அணி. பிரிசெட் திரும்பினார், பழைய வேகம் திரும்பவில்லை. 7-9 என்று பருவம் முடிந்தது.

கேள்வி: ஃபிலிப் ரிவர்ஸை ஓராண்டுக்கு மட்டும் 25 மில்லியன் டாலர் கொடுத்து எடுத்தது தண்டச் செலவு என்பேன். உங்கள் கருத்து?

பதில்: மறுக்கிறேன். லக்குக்குப் பிந்தைய முடிவுகளில் எனக்கு முழுத் திருப்தி தந்தது இது ஒன்றுதான். ரைக் முன்பு சான் டியேகோ சார்ஜர்ஸில் ரிவர்ஸின் பயிற்சியாளராக இருந்தவர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியும். 2020 பெருந்தொற்றுக் காலம், கோடைப் பயிற்சி ஒழுங்காக நடக்கவில்லை. அந்த ஆண்டில் முன்பே பழகிய ஆள் வந்தது பெரிய உதவி. கால் ஓடாது, ஆனால் பந்தைக் கையை விட்டு அனுப்பும் வேகம் அபாரம். 11-5. பிளே ஆஃபில் பஃபலோவிடம் 27-24 என்று மயிரிழையில் தோல்வி. 2021 ஜனவரியில் ரிவர்ஸ் ஓய்வு பெற்றுவிட்டார். 38 வயதுக்காரரை எடுத்தால் அது நடக்கும் என்று தெரிந்தேதான் எடுத்தார்கள்.

கேள்வி: டிராஃப்டில் ஓர் இளைஞரை எடுத்து வளர்த்திருந்தால் இந்த அலைச்சலே இல்லையே! ஏன் எடுக்கவில்லை?

பதில்: இதுதான் உண்மையான கேள்வி. இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

டிராஃப்டில் மோசமாக ஆடிய அணிக்கே முதல் உரிமை. கோல்ட்ஸ் அப்படி மோசமாகவும் ஆடவில்லை. 7-9, 11-5, 9-8 என்று நடுத்தரத்திலேயே இருந்தால் கையில் வருவது பதின்மூன்றாவது, இருபத்தொன்றாவது தேர்வுகள். ரைக் எந்தக் குவாட்டர்பேக்கைக் கொடுத்தாலும் அவரை வைத்து ஓரளவு வெற்றி பெற்றுவிடுவார். அந்தத் திறமையே அணியை டிராஃப்ட் வரிசையின் பின்னால் தள்ளியது. இண்டியானாபொலிஸுக்கு மானிங் வந்தது 1998-இல் முதல் தேர்வாக. லக் வந்தது 2012-இல் முதல் தேர்வாக. கழுத்து அறுவை சிகிச்சையால் மானிங் ஆடாத 2011-இல் 2-14 என்று தரைமட்டமானதன் பலன் அது.

ஆனால் வரிசையை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 2020-இன் பதின்மூன்றாவது தேர்வைக் கொடுத்துத் தற்காப்பு ஆட்டக்காரர் டிஃபாரஸ்ட் பக்னரை வாங்கினார் பொது மேலாளர் கிறிஸ் பாலர்ட். பக்னர் பிரமாதமான ஆட்டக்காரர், அதில் சந்தேகமில்லை. அதே ஆண்டு இரண்டாம் சுற்றில் 34-ஆவதாகப் பந்துபிடிப்பாளர் மைக்கேல் பிட்மன், 41-ஆவதாகப் பந்தோடு ஓடும் ஜோனதன் டெய்லர். 53-ஆவதாகக் குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை ஈகிள்ஸ் எடுத்துக்கொண்டது. கோல்ட்ஸ் எடுத்த குவாட்டர்பேக் நான்காம் சுற்றில் ஜேக்கப் ஈசன், அவர் நிலைக்கவில்லை. டெய்லர் 2021-இல் 1,811 கெஜம் ஓடி லீக்கிலேயே முதலிடம் பிடித்தார், ஆகவே அந்தத் தேர்வைப் பழிக்க மனம் வரவில்லை. இருந்தாலும், லக் போன பிறகு வந்த மூன்று டிராஃப்டுகளில் ஒன்றிலாவது பெரிய விலை கொடுத்து மேலே ஏறியிருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் இந்த ஒருவர் போதும் என்று ஒட்டுப் போட்டார்கள்.

கேள்வி: 2021-இல் வந்த குவாட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ் விவகாரத்தில் ரைக் மீது தவறே இல்லையா? அவருக்கு வக்காலத்து வாங்காமல் சொல்லுங்கள்.

பதில்: வாங்கவில்லை. பெரும் பங்கு ரைக்குடையது. பிலடெல்பியாவில் 2016, 2017-இல் வென்ட்ஸுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். 2017-இல் காயம் படும் வரை வென்ட்ஸ் நட்சத்திரம். அவரை நான் சரிசெய்துவிடுவேன் என்று ரைக் நம்பினார். அவருக்காகத் தானே முன்னின்று பேசியதைப் பிற்பாடு வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

விலையையும் பாருங்கள்: 2021-இன் மூன்றாம் சுற்றுத் தேர்வு, கூடவே 2022-இன் இரண்டாம் சுற்றுத் தேர்வு. வென்ட்ஸ் முக்கால் பங்கு ஆடினால் அது முதல் சுற்றாக மாறும் என்பது நிபந்தனை. அவர் பதினேழு ஆட்டங்களும் ஆடினார், தேர்வும் போயிற்று.

எண்களைப் பார்த்தால் குறையில்லை: 27 டச் டவுன், எதிரணி பறித்துக்கொண்ட எறிதல்கள் 7 மட்டுமே. 9-6 என்று நின்றபோது மீதி இரண்டில் ஒன்றை வென்றால் பிளே ஆஃபுக்குப் போகப் போதும் என்ற நிலை. ரெய்டர்ஸிடம் 23-20 என்று தோல்வி. பிறகு 2022 ஜனவரி 9, ஜாக்சன்வில். அதுவரை இரண்டே ஆட்டங்கள் வென்றிருந்த அணி. 26-11 என்று தோல்வி. 2014-க்குப் பிறகு ஜாக்சன்வில் மண்ணில் கோல்ட்ஸ் வென்றதே இல்லை என்பதும் உண்மை, ஆனால் அதைச் சொல்லித் தப்ப முடியாது. உரிமையாளர் ஜிம் எர்சேயின் பொறுமை அன்றே முடிந்துவிட்டது. இரண்டு மாதத்தில் வென்ட்ஸ் வாஷிங்டனுக்கு அனுப்பப்பட்டார்.

கேள்வி: 2022-இல் வந்த குவாட்டர்பேக் மேட் ரயன் 2016-இன் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். அவரையே உட்கார வைத்தது அநியாயம் இல்லையா?

பதில்: அவரை உட்கார வைத்தபோது அணியின் கணக்கு 3-3-1 (மூன்று வெற்றி, மூன்று தோல்வி, ஒரு சமநிலை). உருப்படாத கணக்கு அல்ல. அதற்கு முந்தைய வாரம்தான் ஜாக்சன்வில்லுக்கு எதிராக 389 கெஜம் எறிந்து வென்றிருந்தார். ஆனால் 37 வயது. ஓடித் தப்ப முடியாது. அந்தோணி கஸ்டான்ஸோ 2020 பருவத்தோடு ஓய்வு பெற்றதிலிருந்து முன்வரிசையின் இடது ஓரத்தைக் காக்கும் இடது டாக்கிள் இடம் நிரம்பவே இல்லை. நகராத குவாட்டர்பேக்குக்கு முன்னால் ஓட்டைச் சுவர் என்றால் என்ன ஆகும்? பந்து கை நழுவிக்கொண்டே இருந்தது.

டென்னஸியிடம் தோற்ற ஆட்டத்தில் அவருக்குத் தோள் காயம். காயம் ஆறினாலும் சாம் எலிங்கர்தான் தொடர்வார் என்று ரைக் அறிவித்தார். ஆறாம் சுற்றில் எடுத்த பையன், அதுவரை ஒரு ஆட்டத்தில்கூடத் தொடக்கக்காரராக இறங்காதவர். எர்சேயின் கை இதில் இருந்தது என்பது ஊரறிந்த விஷயம். வாஷிங்டனிடம் ஒரு புள்ளியில் தோல்வி. நியூ இங்கிலாந்திடம் 26-3. எலிங்கர் ஒன்பது முறை வீழ்த்தப்பட்டார், பந்தை முன்னேற்றக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில், பதினான்கு முறையில் ஒன்றுகூட வெல்லவில்லை. மறுநாள், நவம்பர் 7, ரைக் வேலை போயிற்று.

வேடிக்கை பாருங்கள்: இடைக்காலப் பொறுப்புக்கு வந்த ஜெஃப் சாட்டர்டே, பள்ளி அணிக்கு மேல் பயிற்சி அளித்த அனுபவமில்லாதவர், தன் முதல் ஆட்டத்திலேயே ரயனைத் திரும்ப இறக்கி ரெய்டர்ஸை வென்றார். பிறகு சரிவுதான். டிசம்பரில் மினசோட்டாவுக்கு எதிராக 33-0 என்று முன்னிலை பெற்று 39-36 என்று தோற்றார்கள். என்.எஃப்.எல். வரலாற்றிலேயே மிகப்பெரிய மீட்சி அது. அதற்கு முந்தைய சாதனை 32 புள்ளிப் பின்னடைவிலிருந்து மீண்டது. 1993 ஜனவரியில் அதைச் செய்த பஃபலோ குவாட்டர்பேக் யார் தெரியுமா? ஜிம் கெல்லிக்குக் காயம் என்பதால் இறங்கிய மாற்று ஆட்டக்காரர், ஃபிராங்க் ரைக்.

கேள்வி: குவாட்டர்பேக் மாறிக்கொண்டே இருந்தும் ஜெயித்த பயிற்சியாளர்கள் உண்டா?

பதில்: உண்டு. வாஷிங்டனின் ஜோ கிப்ஸ் மூன்று சூப்பர் பவுல்களை மூன்று வெவ்வேறு குவாட்டர்பேக்குகளோடு வென்றார்: ஜோ தைஸ்மன், டக் வில்லியம்ஸ், மார்க் ரிப்பியன். டான் ஷூலாவின் மயாமி 1972-இல் தோல்வியே காணாத பருவத்தில், ஐந்தாம் ஆட்டத்தில் பாப் கிரீஸி காயமடைய, 38 வயது எர்ல் மோரலை வைத்துப் பெரும்பாலான ஆட்டங்களை வென்றது. அண்மைக் காலத்தில் கெவின் ஸ்டெஃபான்ஸ்கி, 2023-இல் கிளீவ்லண்டில் ஐந்து பேரைத் தொடக்கத்தில் இறக்கி 11-6 எடுத்தார். இந்த அணிகளிலெல்லாம் ஓட்டமோ தற்காப்போ கிப்ஸிடம் இருந்தது போன்ற, குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையோ அசைக்க முடியாததாக இருந்தது. ரைக்கிடம் 2018-இல் இருந்த முன்வரிசை 2022-இல் இல்லை.

கேள்வி: ரைக் அடுத்துப் பயிற்சியாளராகப் போன கரோலினாவில் அவருக்கு டிராஃப்டின் முதல் தேர்வான பிரைஸ் யங்கே கிடைத்தாரே? அங்கும் தோற்றுவிட்டாரே?

பதில்: 1-10. 2023 நவம்பர் இறுதியில் வெளியேற்றம். அந்த முதல் தேர்வுக்காகச் சிறந்த பந்துபிடிப்பாளர் டி.ஜே. மூரையே விற்றுவிட்டார்கள்; யங் யாருக்கு எறிவார்? ஆட்டத்தைத் திட்டமிடும் பொறுப்பை ரைக் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் தாமஸ் பிரவுனிடம் கொடுத்து, மூன்று ஆட்டம் கழித்துத் திரும்ப வாங்கிக்கொண்டது அழகாக இல்லை. கரோலினா அணி 1995-இல் பிறந்தபோது அதன் முதல் தொடக்கக் குவாட்டர்பேக்கே ரைக்தான். மூன்று ஆட்டங்களுக்குப் பிறகு அவரையும் உட்கார வைத்தார்கள்.

கேள்வி: லக்குக்கும் ரைக்குக்கும் மனக்கசப்பா?

பதில்: துளியும் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணியின் பொது மேலாளராகிவிட்ட லக், 2025-இல் பயிற்சியாளர் இடம் காலியானதும் ஓராண்டு இடைக்காலப் பொறுப்புக்கு அழைத்தது ரைக்கைத்தான்.

கேள்வி: ரைக் போன பிறகாவது கோல்ட்ஸுக்கு நிலையான ஆள் கிடைத்தாரா?

பதில்: 2023-இல் நான்காவது தேர்வாக அந்தோணி ரிச்சர்ட்சன், காயமும் தடுமாற்றமும். 2025-இல் டேனியல் ஜோன்ஸ் நன்றாகத் தொடங்கி, டிசம்பரில் குதிகால் தசைநார் அறுந்து விழுந்தார். யாரை அழைத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? 44 வயது ஃபிலிப் ரிவர்ஸை. ஏறக்குறைய ஐந்து ஆண்டு ஓய்வுக்குப் பிறகு வந்து, சியாட்டிலில் 18-16 என்று நூலிழையில் தோற்றார்.

கேள்வி: இதையெல்லாம் புரிந்துகொள்ள ஒரே ஓர் ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால்?

பதில்: இரண்டு பாருங்கள், ஒன்று போதாது. 2018 பருவத்தின் ஹூஸ்டன் பிளே ஆஃப் ஆட்டம், பிறகு 2022 ஜனவரியின் ஜாக்சன்வில் ஆட்டம். பந்தைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு நகர்விலும் குவாட்டர்பேக்குக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேரையும், அவர் எத்தனை நொடியில் பந்தைக் கையை விட்டு அனுப்புகிறார் என்பதையும் மட்டும் பாருங்கள். வர்ணனையின் ஒலியைக் குறைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.