கேள்வி – பதில்: கார்வெட்டை வெட்டி நோமேடை ஒட்டும் வேலை

கிட்பாஷிங் என்பது இரண்டு மூன்று பிளாஸ்டிக் கிட்டுகளின் பாகங்களைக் கலந்து, எந்தப் பெட்டியிலும் வராத ஒரு வண்டியைக் கட்டும் வேலை. இம்முறை பதில் சொல்லும் கேள்விகள் எல்லாம் இராமநாதபுரம் கடலோரத்திலிருந்து வந்தவை. அங்குள்ள காற்றும் தண்ணீரும் இந்த வேலையில் பெரிய பங்கு வகிப்பதால், அதையும் சேர்த்தே பதில் சொல்கிறோம்.

1950-களின் கான்செப்ட் கார் (கண்காட்சிக்காக மட்டும் கட்டிய மாதிரிக் கார்) ஒன்றைச் சின்ன அளவில் கட்ட ஆசை. இதுவரை பெட்டியில் வந்ததை அப்படியே ஒட்டித்தான் பழக்கம். கிட்பாஷிங்குக்கு எந்தக் காரில் தொடங்கலாம்?
– வாசகர், கீழக்கரை

1954 செவ்ரோலெட் கார்வெட் நோமேடில் தொடங்குங்கள். அந்த ஆண்டு ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் நடந்த ஜெனரல் மோட்டார்ஸின் மோட்டோரமா கண்காட்சியில் இதைக் காட்டினார்கள். முகம் கார்வெட்டுடையது, முதுகு ஸ்டேஷன் வேகனுடையது. கண்ணாடியிழை உடலுக்கு அடியில் இருந்தது 1953 செவ்ரோலெட் வேகனின் சேஸிஸ் (அடிச்சட்டம்). இதன் கூரை அமைப்பு மறு ஆண்டே 1955 பெல் ஏர் நோமேடில் ஏறி விற்பனைக்கு வந்துவிட்டது.

இந்தக் காரைச் சொல்வதற்குக் காரணமே இந்த வரலாறுதான். 1953 கார்வெட்டுக்கும் கிட் உண்டு, 1955 நோமேடுக்கும் கிட் உண்டு. முன்பாதியும் இன்ஜினும் முதல் பெட்டியில், கூரையும் பின்கதவும் சேஸிஸும் இரண்டாவது பெட்டியில். இத்தாலியில் பெர்டோனே கட்டிய பேட் வரிசைக் கார்கள் (1953, 1954, 1955) இதைவிட அழகு என்போம். ஆனால் அவற்றின் வளைவுகளைக் கடன் வாங்க வேறு எந்தக் கிட்டும் கிடையாது. உடல் முழுவதையும் கையால் செதுக்க வேண்டும். முதல் வேலைக்கு அது வேண்டாம்.

வாங்கும்போது பெட்டியில் அளவைப் பாருங்கள். 1953 கார்வெட் 1:24-லும் (நிஜத்தில் 24-ல் ஒரு பங்கு) உண்டு, 1:25-லும் உண்டு. பெயருக்கு ஒரு எண்தான் வித்தியாசம், ஆனால் இரண்டையும் கலந்தால் சக்கர மையங்களுக்கு இடையிலான நீளத்தில் மட்டும் கிட்டத்தட்ட 5 மி.மீ. இடிக்கும். இரண்டு பெட்டியும் ஒரே அளவாக இருக்கட்டும். கீழே உள்ள கணக்கெல்லாம் 1:25-க்கு.

கார்வெட் உடல் நோமேட் சேஸிஸில் உட்காரவில்லை. பின்சக்கரம் மட்காடுக்கு வெளியே நிற்கிறது. எங்கே வெட்டுவது, எவ்வளவு சேர்ப்பது?
– வாசகர், தங்கச்சிமடம்

உட்காரக் கூடாது, அதுதான் சரி. 1953 கார்வெட்டின் சக்கர மைய நீளம் 102 அங்குலம். கான்செப்ட் காருடையது 115 அங்குலம். 1955 நோமேடுக்கும் அதே 115. ஆக, சேஸிஸில் கை வைக்க வேண்டாம், உடலைத்தான் நீட்ட வேண்டும். 115 அங்குலம் 1:25-ல் 116.8 மி.மீ., 102 அங்குலம் 103.6 மி.மீ. வித்தியாசம் 13.2 மி.மீ. இந்த எண்ணை வேலை மேசையில் எழுதி ஒட்டிவையுங்கள்.

கத்தியை எடுக்கும் முன் பக்கவாட்டுப் படம் ஒன்று வேண்டும். தூரத்திலிருந்து எடுத்த படமாக இருக்கட்டும். கிட்டத்தில் நின்று எடுத்த படத்தில் வண்டியின் நடுப்பகுதி உப்பியும் முனைகள் சுருங்கியும் தெரியும். சக்கரங்கள் நீள்வட்டமாகத் தெரிந்தால் அந்தப் படத்தை ஒதுக்கிவிடுங்கள். அச்செடுத்த படத்தில் சக்கர மைய நீளம் 92 மி.மீ., கதவு 36 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 36-ஐ 116.8-ஆல் பெருக்கி 92-ஆல் வகுத்தால் 45.7. மாடலில் கதவின் நீளம் அதுதான். கூரையின் உயரம், சன்னல் விளிம்பு, பின்கதவின் சாய்வு எல்லாவற்றையும் இப்படியே எடுங்கள். இந்த அரை மணி நேரக் கணக்கைத் தவிர்ப்பவர்கள் பிறகு மூன்று நாள் உரசுகிறார்கள்.

இனி வெட்டு. கார்வெட் உடலில் கதவின் பின்கோட்டுக்கு ஒட்டிப் பின்னால், குறுக்காக ஒரே வெட்டு. மாஸ்கிங் டேப்பை உடலைச் சுற்றி ஒட்டி, அதன் விளிம்பை வழிகாட்டியாக வைத்து முதலில் கட்டரின் முதுகால் ஏழெட்டு முறை கீறுங்கள். பள்ளம் விழுந்த பிறகு ரம்பம் வழுக்காது. ரம்பம் தின்னும் தடிமனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மாடல் வேலைக்கான ரேஸர் ரம்பம் 0.3 மி.மீ. வரை தின்னும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சின்ன ஹாக்ஸா பிளேடு 0.7 வரை போகும். ஆக முதலாவதற்கு நடுவில் வைக்கும் துண்டு 13.5 மி.மீ., இரண்டாவதற்கு 13.9. பலருக்குக் கடைசியில் சக்கரம் அரை மி.மீ. தள்ளி நிற்பது இதை விட்டதால்தான்.

அடுத்து, கார்வெட்டின் டிக்கி மூடியையும் அதைச் சுற்றிய மேல்தளத்தையும் வெட்டி எடுத்துவிடுங்கள். இரு பக்கச் சுவர்களும் மட்காடுகளும் மட்டும் மிஞ்ச வேண்டும். முன்பாதி, பின்பாதி இரண்டையும் நோமேட் சேஸிஸ் மேலேயே வைத்து, சக்கர மையத்தை மட்காட் வளைவின் மையத்துக்கு நேராக்கி, டேப்பால் இறுக்குங்கள். சேஸிஸே அச்சுச்சட்டம், தனியாக எதுவும் செய்யத் தேவையில்லை. இடைவெளியில் 1 மி.மீ. பாலிஸ்டைரீன் தகட்டை வெட்டி வையுங்கள். உடலின் தடிமன் அதைவிடக் கூடுதலாக இருந்தால் உள்பக்கம் அரை மி.மீ. தகடு ஒன்றைச் சேர்த்து ஒட்டுங்கள். உள்ளே இரு பக்கமும் 40 மி.மீ. நீளப் பட்டை ஒன்று மூன்று துண்டுகளையும் தாண்டிப் பிடிக்கட்டும். இந்தப் பட்டை இல்லாத உடல் கையில் எடுத்து உரசும்போது அதே இடத்தில் இரண்டாகப் பிளக்கும்.

கூரையை முன்கண்ணாடிச் சட்டத்தோடும் பின்கதவோடும் ஒரே துண்டாக நோமேட் கிட்டிலிருந்து வெட்டுங்கள். சன்னல் விளிம்புக்குக் கீழே 3 மி.மீ. கூடுதலாக விட்டு வெட்டி, பிறகு உரசிக் குறையுங்கள். நோமேட் கார்வெட்டைவிட அகலம். அதனால் கூரையின் நடுவில் முன்பின்னாக ஒரு பட்டையை எடுக்க வேண்டிவரும். ஓரத்தில் எடுக்காதீர்கள், அங்கே வளைவு கூடுதல், இரண்டு பாதியும் பிறகு சேராது. நடுவில் வெட்டினால் கூரையின் பின்பகுதியில் உள்ள ஒன்பது குறுக்குப் பள்ளங்களும் ஒட்டில் அடைபடும். ஆனால் ஒவ்வொன்றிலும் இரண்டு மி.மீ. நீளத்தைத்தான் மறுபடி கீற வேண்டியிருக்கும். ஸ்டீல் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு கீறுங்கள்.

தகடு எங்கே வாங்குவது? தயிர் கப் போதுமா?
– வாசகி, உச்சிப்புளி

அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று போட்டிருந்தால் அது பாலிஸ்டைரீன், கிட்டின் பிளாஸ்டிக்கேதான். 5 என்றால் பாலிபுரொப்பிலீன், சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. தயிர் கப் மெல்லியது. கதவு விளிம்பு, பட்டை, தரைவிரிப்பு போன்றவற்றுக்கு நல்லது, உடலை நீட்டப் போதாது. அதற்குத் தகட்டை வரவழைத்துவிடுங்கள். அடையாள அட்டை செய்யும் பிவிசி அட்டையை நம்பாதீர்கள். கிட் ஒட்டும் பசையான பிளாஸ்டிக் சிமென்ட் அதைக் கிட்டோடு உருக்கிச் சேர்க்காது.

எங்கள் ஊரில் ஃபைபர் வள்ளம் கட்டும் பட்டறைகளில் ரெசினும் மேட்டும் எளிதாகக் கிடைக்கிறது. இடைவெளியை அதால் நிரப்பலாமா?
– வாசகர், பாம்பன்

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். வள்ளத்துக்கு ஊற்றுவது பாலியெஸ்டர் ரெசின். அதற்குள் திரவ ஸ்டைரீன் இருக்கிறது. உங்கள் கிட் பாலிஸ்டைரீன். ஸ்டைரீன் அதைக் கரைக்கும். போதாக்குறைக்கு, ஹார்ட்னர் கலந்ததும் ரெசின் சூடேறும். ஊற்றிய இடம் முதலில் பளபளக்கும், பிறகு குழையும், காலையில் பார்த்தால் கதவே நெளிந்திருக்கும். பட்டறைகளில் கார் ஒடுக்குக்கு வைக்கும் இரண்டு பாகப் பட்டியும் இதே குடும்பம்தான். அதைக் காகிதத் தடிமனில் வைத்தால் தாங்கும், கனமாக வைத்தால் தாங்காது.

இதில் மனதுக்குப் பிடித்த ஒரு பொருத்தம் உண்டு. 1953 கார்வெட்டின் நிஜ உடல் கண்ணாடியிழையும் பாலியெஸ்டர் ரெசினும்தான். உங்கள் ஊர்க் கரையில் நிற்கும் வள்ளமும் அந்தக் காரும் ஒரே பொருளால் ஆனவை. மாடல் மட்டும் வேறு.

எபாக்ஸி பாலிஸ்டைரீனைத் தொடாது. பெரிய இடைவெளிக்கு எம்-சீல், வலுவுக்கு உள்பக்கம் அரால்டைட். மெல்லிய கோட்டுக்கு, கிட்டில் பாகங்களைப் பிடித்திருக்கும் சட்டத்தின் மிச்சத் துண்டுகளைப் பொடியாக நறுக்கித் திரவ சிமென்டில் ஊறவைத்துத் தேன் பதத்துக்கு வந்ததும் தடவுங்கள். அது கிட்டின் பிளாஸ்டிக்காகவே இறுகும். ஆனால் உள்ளே உள்ள கரைப்பான் மெல்ல வெளியேறுவதால் சுருங்கும். ஒரு வாரம் கழித்து உரசுங்கள். மறுநாளே உரசிப் பெயின்ட் அடித்தால், ஒரு மாதத்தில் கூரையின் நடுவே ஒட்டு பள்ளமாகத் தெரியும். விளம்பரப் பலகைக் கடைகளில் அக்ரிலிக் ஒட்ட வைத்திருக்கும் குளோரோஃபார்ம் இதையும் ஒட்டும்தான். மூடிய அறையில் அந்த ஆவி ஈரலைக் கெடுக்கும். அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

ஸ்ப்ரே அடித்த பத்து நிமிடத்தில் பெயின்ட் சாம்பல் பூத்தது போல வெளுக்கிறது. ஒரு தடவை சின்னச் சின்னக் கொப்புளமும் வந்தது. டப்பாவில் குறையா?
– வாசகர், மண்டபம்

டப்பாவில் குறையில்லை. இரண்டும் வேறு வேறு கோளாறு.

வெளுப்பு காற்றின் ஈரத்தால் வருவது. லாக்கர் பெயின்டில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிந்து, பெயின்டுக்குள்ளேயே சிக்கி வெண்மையாகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் பக்கம் லாக்கர் தெளிக்கவே வேண்டாம். மற்ற மாதங்களில் பனி விட்ட பிறகு, கடல்காற்று திரும்பும் முன், ஏறக்குறைய 10 மணியிலிருந்து 1 மணிக்குள் அடியுங்கள். ஈரப்பதமானி ஒன்று வாங்கிவையுங்கள். 70 சதவீதத்தைத் தாண்டினால் மெல்லிய பூச்சாக மட்டும் அடிக்கலாம், 80-ஐத் தாண்டினால் அன்றைக்கு உரசும் வேலையைப் பாருங்கள். வெளுத்துப்போனதை மீட்க முடியும். காய்ந்த ஒரு நாளில், மெல்ல ஆவியாகும் ரிடார்டர் தின்னரைப் பனி போல ஒரு தடவை தெளித்தால், பெயின்ட் இளகி ஈரத்தை விட்டுவிடும். ஏர்பிரஷ் என்றால் கம்ப்ரஸரின் குழாயில் ஈரத்தைப் பிடிக்கும் நீர்ப்பொறி கட்டாயம்.

கொப்புளம் பெரும்பாலும் உப்பால் வருவது. உரசிய உடலைப் போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்த பிறகு உப்பு தங்கும். அதன் மேல் பெயின்ட் ஏறினால் அது ஈரத்தை இழுத்துக் கொப்புளிக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவி, கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர் அரை லிட்டர் செலவழியுங்கள். கழுவிய பிறகு வெறும் விரல் படக் கூடாது. காய வைக்கத் திறந்த சன்னலோரம் வேண்டாம். சிலிகா ஜெல் பொட்டலம் போட்ட பெரிய சில்வர் டப்பா போதும். தகரக் கூரைக்கு அடியிலும் வெயிலிலும் வைக்காதீர்கள், மெல்லிய கூரைத் தூண்கள்தான் முதலில் வளையும்.

பைக் பெயின்ட் கடையின் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் நேரடியாகப் பிளாஸ்டிக்கில் பட்டால் நுண்ணிய வெடிப்பு விழும். முதலில் பிளாஸ்டிக் மாடலுக்கான பிரைமர், இரண்டு மெல்லிய பூச்சு.

பெவிகுவிக்கில் கண்ணாடியை ஒட்டினேன். உள்ளே பனி படர்ந்துவிட்டது.
– வாசகி, தேவிபட்டினம்

பெவிகுவிக்கில் உள்ள சயனோஅக்ரிலேட்டின் ஆவி ஈரத்தோடு சேர்ந்து கண்ணாடியில் வெள்ளையாகப் படிகிறது. கைரேகை உள்ள இடத்தில் இன்னும் அதிகம். லேசான படிவத்தை 2000 எண் வாட்டர் பேப்பரும் பற்பசையும் எடுத்துவிடும். இனிக் கண்ணாடிக்கு வெள்ளைப் பசைதான், அது காய்ந்தால் தெளிவாகிவிடும். பெவிகுவிக் வேண்டிய இடங்களில், ஒட்டிய ஒரு மணி நேரத்துக்குள் உரசிவிடுங்கள். இரவு தாண்டினால் அது பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, பக்கத்துப் பிளாஸ்டிக் மட்டும் தேயும்.

கூரையின் அடியை உரசித் தாழ்த்தியதால் நோமேட் கண்ணாடி உயரம் மிஞ்சும். அடிப்பக்கத்தில் குறையுங்கள். உடைந்தால், அதே வடிவத்தில் தேக்குத்துண்டைச் செதுக்கித் தண்ணீர் பாட்டிலுக்குள் நுழைத்து ஹாட் ஏர் கன்னால் சூடாக்குங்கள். பாட்டில் சுருங்கி மரத்தைக் கவ்வும், வளைந்த கண்ணாடி தயார்.

இன்ஜின் எதை வைப்பது? வயரிங்குக்கு என்ன பயன்படுத்தலாம்?
– வாசகர், தொண்டி

நோமேட் கிட்டில் வரும் வி8 வேண்டாம். கான்செப்ட் காரில் இருந்தது கார்வெட்டின் 235 கன அங்குல ஆறு சிலிண்டர் புளூ ஃபிளேம், 150 குதிரைத்திறன், இரண்டு வேக பவர்கிளைடு கியர்பாக்ஸ். அதைக் கார்வெட் பெட்டியிலிருந்து எடுங்கள். வி8-க்கான தாங்கிகள் பொருந்தாது. அவற்றைச் சீவிவிட்டு 2 மி.மீ. பட்டையில் புதிய குறுக்குத் தாங்கி ஒன்று வையுங்கள். பானெட் மூடுகிறதா என்று பார்த்த பிறகே ஒட்டுங்கள்.

வயருக்கு உங்கள் ஊர்த் தங்கூசியை (மீன்பிடி நைலான் நரம்பு) விடச் சிறந்தது இல்லை. பிளக் வயரின் நிஜத் தடிமன் ஏறக்குறைய 7 மி.மீ., 1:25-ல் 0.28. தங்கூசி நரம்பு தடிமன் எண்ணோடுதான் விற்கிறது, 0.28 அல்லது 0.30 கேளுங்கள். பிரேக் குழாய்க்கு 0.20. நைலானைப் பிளாஸ்டிக் சிமென்ட் பிடிக்காது. 0.3 மி.மீ. துளை போட்டு, முனையில் ஒரு துளி பெவிகுவிக் தொட்டுச் செருகுங்கள். நைலான் மேல் பெயின்ட் உரியும் என்பதால், கறுப்பு நரம்பே வாங்குவது நல்லது. வயர் இணைக்கத் தேவையான, சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-5-3-6-2-4. டிஸ்ட்ரிபியூட்டரும் பிளக்குகளும் வலப்பக்கம், மூன்று கார்பரேட்டர்களும் இடப்பக்கம். கண்ணாடியிழை உடல் ரேடியோ இரைச்சலைத் தடுக்காது என்பதால் கார்வெட்டில் இக்னிஷனுக்கு மேல் உலோக மூடி உண்டு. உங்கள் கிட்டில் அந்த மூடி இருந்தால் வயர் வேலையில் பாதி மறைந்துவிடும். ஒட்டும் முன் முடிவெடுங்கள்.

ஹெட்லைட்டுக்கு முன்னுள்ள கல்தடுப்பு வலை கிட்டில் கட்டியாக வந்திருந்தால், அதைக் குடைந்து எடுத்துவிட்டு, மிக நெருக்கமான டீ வடிகட்டியின் கம்பி வலையை வட்டமாக வெட்டி வையுங்கள். ஸ்டெயின்லெஸ் வலையா என்று பார்த்து வாங்குங்கள். மற்றது உப்புக்காற்றில் துருப்பிடித்து வெள்ளைப் பெயின்டில் பழுப்புக் கோடு இறக்கும்.