நத்தைத் துப்பறிவாளர் கதைக்குச் சிரிப்பு வரவில்லையா?

வணக்கம். நத்தை துப்பறியும் உங்கள் படக்கதையை வாசித்துக் காட்டியபோது எந்தக் குழந்தையும் சிரிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மனம் தளராதீர்கள், ஆள் தேர்வு அருமை. ஆனால் உங்கள் நத்தை ரொம்பக் கெட்டிக்காரராக இருக்கிறார். தடயத்தை அவரே கண்டுபிடித்து, அவரே விளக்கியும் விடுகிறார். கேட்கிற குழந்தைக்கு என்ன வேலை மிச்சம்?

படம் ஒன்று சொல்லட்டும், வரி வேறொன்று சொல்லட்டும். நத்தை போன வழியெல்லாம் பளபளவென்று தடம் விழும் இல்லையா? "ஆகா, திருடன் இந்தப் பக்கம்தான் போயிருக்கிறான்!" என்று அவர் தன் தடத்தையே வட்டமடித்துத் துரத்தட்டும். அது யாருடைய தடம் என்பதைப் படம் மட்டும் காட்டட்டும், எழுத்தில் மூச்சு விடாதீர்கள். "ஐயோ, அது நீதான்!" என்று குழந்தை கத்தும். சிரிப்பு அங்கேதான் இருக்கிறது.

நத்தைக்குக் கண் கொம்பு நுனியில். ஒளிந்து எட்டிப் பார்க்க இதைவிட வசதி யாருக்கு உண்டு?

அப்புறம், படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம்தான். கேள்வி வலப்பக்கத்தின் கடைசி வரியில் நிற்கட்டும், தாளைத் திருப்பியதும் பதில் வரட்டும். நீளமான வசனங்களைப் பாதியாக வெட்டிவிட்டு, மறுபடி சத்தமாக வாசித்துப் பாருங்கள்.