சித்தப்பா கேட்ட பன்னிரண்டு படங்கள்

கேள்வி: டச்சு ஓவியர்கள் என்றாலே சூரியகாந்திப் பூவும் காற்றாலையும்தான் ஞாபகம் வருகிறது. சாதாரணக் கடை, தெரு, கட்டடம் இதையெல்லாம் உள்ளது உள்ளபடி யாரும் வரையவில்லையா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சூரியகாந்திக்காரர் வான்காவே வரைந்திருக்கிறார் அம்மா. அவருக்குக் கிடைத்த முதல் ஆர்டரே அதுதான்!

1882 மார்ச். வான்கா ஹேக் நகரத்தில் இருக்கிறார். வயது 28, தம்பி தியோ அனுப்பும் பணத்தில் பிழைப்பு. ஆம்ஸ்டர்டாமில் ஓவிய வியாபாரம் செய்த சித்தப்பா கோர்னெலிஸ் மரினுஸ் பார்க்க வந்தார். வந்ததும் சம்பாத்தியப் பேச்சுத்தான் (சித்தப்பாக்கள் எந்த ஊரிலும் இப்படித்தான் போல). அப்புறம் படங்களைப் புரட்டியவர் சின்னதாக ஒன்றைப் பார்த்து நின்றுவிட்டார். யூதர்கள் வாழ்ந்த பாட்டமூஸ் பகுதி. ஓவியர் பிரெய்ட்னரோடு நள்ளிரவில் ஊர் சுற்றும்போது போட்ட ஸ்கெட்ச், மறுநாள் காலையில் பேனாவால் சரிசெய்தது. இதே மாதிரி ஊர்க் காட்சிகள் பன்னிரண்டு வேண்டும் என்றார் சித்தப்பா. விலை, படத்துக்கு 2.50 கில்டர் (அந்தக் கால டச்சுப் பணம்).

வான்கா போய் வரைந்தது மாளிகைகளை அல்ல. எரிவாயுத் தொழிற்சாலை, கெய்ஸ்ட் என்ற ஏழைகள் பேட்டையில் ஒரு ரொட்டிக்கடை! அந்த ரொட்டிக்கடைப் படம் இப்போதும் ஹேக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடையை அழகுபடுத்தும் எண்ணமே அதில் இல்லை. அதனால்தான் எனக்குப் பிடிக்கும்.

சித்தப்பா இன்னொரு ஆர்டரும் கொடுத்தார். இந்த முறை ஏழு படங்கள் போயின. வந்தது 20 கில்டரும் ஒரு குத்தல் கேள்வியும்: இதெல்லாம் விலைபோகும் என்று நிஜமாகவே நினைக்கிறாயா? வியாபாரியாக அவர் கேட்டது தப்பில்லை, ஆனால் பையன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்!

கூடச் சுற்றிய பிரெய்ட்னர் பிற்பாடு ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபோய், கேமராவும் கையுமாக அந்த ஊர்த் தெருக்களையே வாழ்நாள் முழுக்க வரைந்தார். அது தனிக் கதை.

இணையத்தில் பார்ப்பதென்றால், வான்கா தன் வீட்டு ஜன்னலிலிருந்து 1882 மே மாதம் வரைந்த தச்சுப்பட்டறைப் படத்திலிருந்து தொடங்குங்கள். முன்னால் கொடியில் துணி காய்கிறது, பின்னால் பலகைகளுக்கு நடுவே ஆட்கள் வேலை செய்கிறார்கள். கம்பி கட்டிய மரச்சட்டத்தின் வழியே பார்த்து அளவு பிடிப்பது அவர் பழக்கம். கூரையும் வேலியும் எவ்வளவு கச்சிதமாகத் தூரத்தில் போய்ச் சுருங்குகின்றன என்று பாருங்கள்.