அபாயச் சங்கு ஒலித்தால் உடனே கிளம்ப வேண்டுமா?

கேள்வி: அணு மின் நிலையத்திலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வீட்டுக்கு அண்மையில் குடிவந்தோம். சென்ற வாரம் நண்பகலில் அபாயச் சங்கு சில நிமிடங்கள் ஒலித்து நின்றது. அக்கம்பக்கத்தார் யாரும் பதறவில்லை. நான் மட்டும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்ப இருந்தேன். உண்மையிலேயே விபத்து என்றால் என்ன செய்ய வேண்டும்? அயோடின் மாத்திரை வாங்கி வைக்கலாமா? நடமாட முடியாத என் தாயாரும் எங்களோடு இருக்கிறார்.

பதில்: நீங்கள் கேட்டது பெரும்பாலும் சோதனை ஒலியாக இருந்திருக்கும். சோதனை நாளையும் நேரத்தையும் நிலைய நிர்வாகமோ உள்ளூர் நிர்வாகமோ முன்கூட்டியே அறிவிப்பது வழக்கம். அதைக் கேட்டறிந்து நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அறிவிக்காத நேரத்தில் ஒலித்தால், வீட்டுக்குள் சென்று வானொலியிலோ தொலைக்காட்சியிலோ அரசு அறிவிப்பைக் கேட்க வேண்டும் என்பதே அதன் பொருள். வெளியே இருப்பவர்களை எச்சரிப்பதற்காக அமைக்கப்பட்ட அந்தச் சங்கு, சன்னல்களை மூடிக்கொண்டு தூங்குபவருக்குக் கேட்காமல் போகலாம். ஆகவே கைப்பேசியில் அவசர எச்சரிக்கை வசதியை அணைத்து வைக்காதீர்கள். மின்கலத்தில் இயங்கும் வானொலி ஒன்றும் வீட்டில் இருக்கட்டும்.

எச்சரிக்கையே தவறாக வந்துவிடுவதும் உண்டு. 2020 ஜனவரி 12 அன்று கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் முழுவதும் பிக்கரிங் அணு மின் நிலையத்தில் ஏதோ நிகழ்ந்திருப்பதாகக் கைப்பேசிகளில் செய்தி வந்தது. அது தவறு என்ற மறு செய்தி கைப்பேசிகளுக்கு வந்துசேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்காக அடுத்த எச்சரிக்கையை அலட்சியம் செய்துவிடக் கூடாது. வீட்டுக்குள் சென்று காத்திருப்பதால், எச்சரிக்கை பொய்யாகவே இருந்தாலும் உங்களுக்கு இழப்பு ஏதுமில்லை.

வீட்டுக்குள் இருப்பது கையாலாகாத செயல் என்று பலர் எண்ணுகிறார்கள். அதுவும் ஒரு பாதுகாப்பு முறையே. செங்கல் அல்லது கான்கிரீட் சுவர், கடந்து செல்லும் கதிரியக்கப் புகைத்திரளிலிருந்து வரும் கதிர்வீச்சைக் கணிசமாகத் தடுக்கும். கதவு, சன்னல்களை மூடுங்கள். வெளிக்காற்றை உள்ளிழுக்கும் விசிறிகளையும் குளிர்சாதனத்தையும் அணைத்துவிட்டு, சன்னல்களை விட்டு விலகிய உள்ளறையில் இருங்கள். வெளியிலிருந்து வந்தவர் மேலாடைகளைக் கழற்றிப் பையில் கட்டி வைத்துவிட்டுக் குளிப்பது, உடலில் படிந்த துகள்களின் பெரும்பகுதியை நீக்கிவிடும். ஆனால் வீட்டுக்குள் இருப்பது சில மணி நேரங்களுக்கு, அதிகம் போனால் இரண்டொரு நாட்களுக்குத்தான் உதவும்.

எப்போது வெளியேற வேண்டும் என்பதைக் காற்றின் திசை, கசிவின் அளவு, சாலைகளின் நிலை ஆகியவற்றைக் கணக்கிட்டு அதிகாரிகள் முடிவு செய்வார்கள். அணு உலைக்கு மிக அருகில், அதாவது 3 முதல் 5 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களைக் கசிவு தொடங்கும் முன்பே வெளியேற்ற ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது பெரிய உலைகளுக்குப் பன்னாட்டு அணுசக்தி முகமை கூறும் வழிமுறை. அதற்கு அப்பால் தொடங்கும் அடுத்த வட்டத்தின் வெளி எல்லை 15 முதல் 30 கிலோமீட்டருக்குள் வகுக்கப்படும்; அங்கே நிலைமைக்கேற்ப முடிவெடுக்கப்படும். உங்கள் வீடு இந்த வட்டத்தில்தான் வருகிறது. தாமதமும் தீங்கு செய்யும், அவசரமும் தீங்கு செய்யும். செர்னோபிலில் 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் உலை வெடித்த பிறகு, அருகிலிருந்த பிரிப்பியாட் நகரத்தாரை வெளியேற்றத் தொடங்கவே சுமார் 36 மணி நேரம் ஆயிற்று. மாறாக 2011-இல் ஃபுகுஷிமாவில், போதிய மருத்துவ உதவியின்றி அவசரமாக இடம் மாற்றப்பட்ட 50-க்கும் மேற்பட்ட நோயாளிகளும் முதியோரும் வழியிலோ, போய்ச்சேர்ந்த சில நாட்களிலோ இறந்தார்கள்.

அயோடின் மாத்திரை எனப்படும் பொட்டாசியம் அயோடைடை முன்கூட்டியே வாங்கி வைக்கலாம். பல நாடுகளில் நிலையத்தைச் சுற்றி வாழ்வோருக்கு அரசே வழங்குகிறது. ஆனால் அது கதிர்வீச்சுக்கு மாற்றுமருந்து அன்று. கதிரியக்க அயோடின் தைராய்டு சுரப்பியில் சேருவதை மட்டுமே அது தடுக்கும். சீசியம் போன்ற பிற கதிரியக்கப் பொருள்களின் மேல் அதற்கு வேலையில்லை. நேரமும் முக்கியம்: கதிரியக்க அயோடினுக்கு ஆளாவதற்கு முந்தைய 24 மணி நேரத்திலிருந்து, ஆளாகத் தொடங்கிய 2 மணி நேரத்துக்குள் உட்கொள்வதே சிறந்தது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 12 வயதைக் கடந்தவர்களுக்கு 130 மில்லிகிராம், 3 முதல் 12 வயது வரை 65, ஒரு மாதம் முதல் 3 வயது வரை 32, பச்சிளங்குழந்தைக்கு 16 என்பது அது பரிந்துரைக்கும் அளவு. அதிகப் பயன் பெறுவோர் குழந்தைகளும் கருவுற்றோரும் பாலூட்டுவோருமே. நாற்பதைக் கடந்தோருக்குப் பயன் குறைவு. அறிவிப்பு வந்த பிறகே உட்கொள்ளுங்கள். தைராய்டு நோய் உள்ளவர் இப்போதே மருத்துவரிடம் கேட்டு வைப்பது நல்லது. அயோடின் உப்பைக் கூடுதலாக உண்பதில் பயனில்லை. காயத்துக்குப் பூசும் அயோடினைக் குடிப்பது ஆபத்து.

செர்னோபிலைச் சுற்றி வாழ்ந்த குழந்தைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் பெருகியதற்குப் பெருங்காரணம், கதிரியக்க அயோடின் படிந்த புல்லை மேய்ந்த மாடுகளின் பால். ஆகவே, தடை நீங்கும் வரை அப்பகுதிப் பாலையும் தோட்டத்துக் கீரை, காய்களையும் தவிருங்கள். விபத்துக்கு முன்பே மூடி அடைக்கப்பட்ட உணவை உண்ணலாம்.

பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் சங்கு ஒலித்தால் அங்கே விரையாதீர்கள். மாணவர்களை எந்த இடத்துக்கு அழைத்துச் செல்வார்கள் என்பதைப் பள்ளியில் இன்றே கேட்டு, வெளியேறும்போது நேராக அந்த இடத்துக்குச் செல்லுங்கள்.

உங்கள் தாயாரைப் பற்றியதை இந்த வாரமே தொடங்குங்கள். தனி வாகனமோ ஆம்புலன்ஸோ தேவைப்படுவோரின் பட்டியல் உள்ளூர் நிர்வாகத்திடம் இருந்தால் அவர் பெயரை அதில் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் எழுத்து மூலம் கோருங்கள். அவருடைய மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய தாளும், சில நாட்களுக்கான மருந்தும் ஒரே பையில் இருக்கட்டும். அவரைத் தூக்கி அமர்த்த எத்தனை பேர் வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஒருமுறை செய்து பார்த்து, அந்த விவரத்தையும் நிர்வாகத்திடம் தெரிவியுங்கள்.