ஆர்டி கேட்வேல பாஸ்வேர்ட் எடுக்குது, சர்வர் ஓப்பன் ஆகலன்னா

வணக்கம் நண்பரே, புதுசா சேந்தவங்களுக்கு மட்டும் ரிமோட் டெஸ்க்டாப் கேட்வே (ஆர்டி கேட்வே, வெளில இருந்து ஆபீஸ் மெஷினுக்குள்ள வர்ற வாசல்) வழியா அக்கவுண்ட்ஸ் சர்வர் ஓப்பன் ஆகல, பாஸ்வேர்ட் எடுத்துட்டு அப்புறம் பெர்மிஷன் இல்லன்னு வருது, உங்க அட்மின் ஐடில மட்டும் போகுதுன்னு சொல்லிருக்கீங்க.

கேட்வேல ரெண்டு பாலிசி இருக்கு. யாரு உள்ள வரலாம்னு சிஏபி (கனெக்‌ஷன் ஆத்தரைசேஷன் பாலிசி) பாக்கும், வந்தவங்க எந்த மெஷினுக்கு போகலாம்னு ஆர்ஏபி (ரிசோர்ஸ் ஆத்தரைசேஷன் பாலிசி) பாக்கும், அவங்க குரூப் ரெண்டுலயும் இருக்கணும். கேட்வே மெஷின்ல ஈவன்ட் வியூவர்ல (விண்டோஸ்ல நடந்தத பதிவு பண்ற இடம்) டெர்மினல் சர்வீசஸ் கேட்வே ஆபரேஷனல் லாக் தொறந்து அவங்க ட்ரை பண்ண நேரத்த பாருங்க, ஈவன்ட் ஐடி 201 இருந்தா சிஏபிலயே நிக்குது, 200 வந்து அடுத்து 301 வந்தா ஆர்ஏபிதான், 304ன்னா பாலிசி ரெண்டும் ஓகே, கேட்வேல இருந்து அந்த சர்வருக்கு கனெக்‌ஷன் போகல. நீங்க சொல்றத வெச்சு பாத்தா 301ஆ தான் இருக்கும்.

அப்படின்னா அவங்க கம்ப்யூட்டர் நேம் பெட்டில என்ன அடிக்கிறாங்கன்னு கேளுங்க, ஆர்ஏபில முழு டொமைன் பேரு (accounts.company.local மாதிரி) மட்டும் குடுத்து வெச்சு அவங்க ஐபி அட்ரஸோ சின்ன பேரோ அடிச்சா மேட்ச் ஆகாது, உங்க அட்மின் குரூப்புக்கு எந்த மெஷினுக்கும் போகலாம்னு தனி ஆர்ஏபி இருக்கும், அதான் உங்களுக்கு தெரியாம போயிருக்கு. அதோட சர்வர்லயே ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் குரூப்லயும் அவங்க இருக்கணும், இத நெறைய பேர் மறந்துடுறாங்க.

தயவுசெஞ்சு அவசரத்துக்குன்னு அவங்கள டொமைன் அட்மின்ஸ்ல (எல்லா மெஷின்லயும் முழு அதிகாரம் இருக்குற குரூப்) சேத்துடாதீங்க, வெளில 3389 போர்ட்டயும் (ரிமோட் டெஸ்க்டாப் நேரடியா வர்ற போர்ட்) தொறக்காதீங்க, கேட்வேக்கு 443 போதும். ஒருத்தர் பாஸ்வேர்ட் லீக் ஆனாலும் மொத்த டொமைனும் போயிடும்.

லாக்ல என்ன நம்பர் வருதுன்னு இங்க போடுங்க, பாக்கலாம்.